பூசலாரின் கோயிலும் கணினியின் கண்ணும்

சர்வேஸ்வரன் நம் ஒவ்வொரு நினைவையும் அறிவான் என்று நம்புகிறவன், தன் மேஜைமேல் இருக்கும் கணினியும் தன்னைக் கவனிக்கிறது என்பதற்காக ஏன் கலங்க வேண்டும், மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று கேட்பவர்கள் நன்கு படித்தவர்களுக்குள்ளேயே இப்போது பலர் இருக்கிறார்கள். திருவேற்காட்டில் கருமாரியம்மன் சந்நிதியில், வீட்டில் எவரிடமும் சொல்லாத துயரத்தை உதடு அசைய அம்மனிடம் சொல்லிவிட்டு, குங்குமத்தை வாங்கிக்கொண்டு முகம் தெளிந்து வெளியே வருகிற பெண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தக் கேள்விக்குள் பெரியதொரு சமயப் பிழை இருப்பதாகவே தோன்றுகிறது.

முதலில் விவகாரம் இன்னதென்று பார்த்துவிடலாம். புதிய விண்டோஸ் மடிக்கணினியை முதன்முறை இயக்கும்போது, நாம் இருக்கும் இடத்தை அறியலாமா, நம் உபயோக விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்பலாமா, விளம்பரதாரர் நம்மை இனங்காண ஓர் அடையாள எண்ணைத் தரலாமா என்று வரிசையாகக் கேள்விகள் திரையில் எழுகின்றன. அவற்றுக்கு 'ஆம்' என்ற விடை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க, வீட்டுப் பிள்ளை கீழேயுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறான். எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்றாலும், அவசியமானவை என்று நிறுவனமே வகுத்த விவரங்கள் சாதாரண வீட்டுக் கணினியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 அளவு மீறி விவரம் திரட்டுகிறது என்று பிரான்ஸ் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் மைக்ரோசாஃப்டுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 2024 மே மாதத்தில் அதே நிறுவனம், திரையில் தெரிவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துச் சேமிக்கும் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தது. அப்படங்கள் கணினியை விட்டு வெளியே போகா என்று உறுதி கூறியும் எதிர்ப்பு வலுக்கவே, உபயோகிப்பவர் தாமே இயக்கினாலன்றி அது இயங்காது என்று மாற்றிக்கொண்டது. இயந்திரத்தின் பழுதை அறிய விவரம் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பழுதை அறிய விளம்பர எண் எதற்கு?

திருவேற்காட்டிலிருந்து ஆவடி, பட்டாபிராம் கடந்தால் வருகிற திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார். சிவனுக்குக் கோயில் எடுக்கப் பொருள் தேடியலைந்தும் எதுவும் கிட்டாத அவர், மனத்துக்குள்ளேயே திரவியங்களைச் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நல்ல நாளில் அடித்தளமிட்டு, இரவிலும் உறங்காமல் எழுப்பி, சிகரம் வைத்து, சுதை தீட்டி, கிணறும் குளமும் மதிலும் முடித்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார் என்று, நம் பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் உரைக்கிறார். ஊராரில் ஒருவருக்கும் இது தெரியாது. பூசலாரின் மடியில் கனம் இருந்தது. அந்தக் கனம் ஒரு கோயில். பாவம்தான் மறைவைத் தேடும் என்போர் இந்தப் பரிசுத்தமான மனிதரை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கல் அடுக்கினார் என்று எவனோ ஒருவன் அருகிலிருந்து குறித்துக்கொண்டிருந்தால், அந்தக் கோயில் அன்றைக்கே அவனுடைய கணக்குக்காகக் கட்டப்படும் கட்டடமாகிவிட்டிருக்கும்.

ஆண்டவனே அந்த ரகசியத்தைக் காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான் என்ற அரசனின் கனவில் வெளியிட்டானே என்று கேட்கலாம். வெளியிட்டான், உண்மைதான். விளைவு என்ன? அரசன் அதே நாளுக்குக் குறித்திருந்த தன் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைத்து, நின்றவூருக்குத் தேடிவந்து, அந்த ஏழையை வணங்கிப் போனான். அங்கே அறிந்தவன் பணிந்தான். அறியப்பட்டவர் தம் பூஜையைத் தாம் நினைத்தபடியே தொடர்ந்தார். கம்பெனி நம்மை அறியும்போதோ, அறிந்த பக்கம் பலம் சேர்கிறது, அறியப்பட்டவன் எதை வாங்குவான், எதைக் கண்டு பயப்படுவான் என்பது அவனுக்கே தெரியாமல் விலைபேசப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊரின் சொந்தச் சரித்திரம். திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனார், அடியார்க்கு அன்னமிட்டே உடைமை அனைத்தையும் இழந்து, இளமையில் கற்ற சூதாட்டத்தால் பொருள் ஈட்டி, இங்கே ஆட ஆளில்லாமல் போகவே ஊர் ஊராகச் சென்று குடந்தையை அடைந்து, வென்றதைத் தாம் தீண்டாமல் சமைப்போரிடம் சேர்ப்பித்து, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டவர். ஓர் இயந்திரம் அவரைப் பின்தொடர்ந்திருந்தால், சூதாடும் இடத்துக்கு அவர் போன நேரமும் வென்ற தொகையும் பிசகாமல் பதிவாகிச் சூதாடிகள் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கும். கடைப்பந்தியில் அமர்ந்த அந்த மனத்தை அது எப்படிப் பதிவு செய்யும்? அந்தர்யாமியாக உள்ளே இருந்து அறிகிறவன் செயலோடு அதன் நோக்கத்தையும் அறிகிறான், அறிந்து மன்னிக்கிறான், அந்த அறிவால் அவனுக்கு ஆகவேண்டிய லாபம் எதுவும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத ஒருவர் தெய்வத்தின் இடத்தில் அமர்ந்து நம்மைப் பார்க்க உரிமை கோருவது அபசாரம் என்றே நான் கருதுகிறேன்.

அந்தரங்கம் ஜீவாதார உரிமை என்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது சுதந்திரமாகவும் விஷயம் தெரிந்தும் தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. முன்கூட்டியே குறித்துவைத்த 'ஆம்' அத்தகைய சம்மதம் ஆகாது. மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி தரும் அரசாங்கம், அந்த விடைகளையெல்லாம் 'இல்லை' என்று மாற்றித் தரட்டும். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் போல, உள்ளே நடப்பதை எவரும் படித்துப் பார்க்கக்கூடிய இயங்குதளங்களைப் பள்ளிகள் பழக்கட்டும். அதுவரை, வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் இன்றிரவே அதன் அமைப்புகளில் 'தனியுரிமை' என்ற பகுதியைத் திறந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் படித்து, வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள்.