மயிலுக்கு வைத்த குறி

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பகலில் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடும். அதே தொலைவைக் கடந்த பிப்ரவரி மாதத்து இரவொன்றில், கையில் விளக்கின்றி, ஈரமணலில் நடந்து கடக்க நமக்கு விடியற்காலை ஆகிவிட்டது. கால் வலித்ததால் அன்று, பத்தடிக்கு ஒருமுறை நின்று மணலைப் பார்க்க வேண்டியிருந்ததால்.

கடலாமை முட்டையிட வரும் பருவம் அது. பங்குனி ஆமை என்று நம் மீனவர் அழைக்கும் சிற்றாமை, தைமாதம் தொட்டே சென்னைக் கரையேறத் தொடங்கிவிடும். 1974ஆம் ஆண்டில் ராமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணை நண்பர்களும் தொடங்கிய இந்த இரவு நடையை, 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்று நடத்திவருகிறது. அவர்கள் முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் மீண்டும் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். நாய்களும், முட்டை எடுப்போரும், கரையோர விளக்குகளும் இல்லாதிருந்தால் இவ்வேலைக்குத் தேவையே இராது. குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கத்தைக் கடல் என்று நம்பி நகர்பவை. பெசன்ட் நகர் எத்தனை ஒளிமயமானது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அன்று நமக்கு முன்னே நடந்த கல்லூரி மாணவி ஒருத்தி சட்டென்று நின்றாள். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது, டிராக்டர் சக்கரம் உருண்டது போன்ற ஒரு தடம் அலைவிளிம்பிலிருந்து மேலேறிச் செல்வது புலனாயிற்று. துடுப்புகள் மணலைப் பின்னோக்கித் தள்ளியிருந்த விதத்தைக் கொண்டு இது ஏறிய தடம், அது இறங்கிய தடம் என்றாள். இரு பக்கத்துக் குறிகளும் இணையாக இல்லாமல் மாறிமாறி விழுந்திருப்பதால் பங்குனி ஆமைதான், பச்சை ஆமை அன்று என்றாள். இரண்டு தடங்களும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்திருந்தது. தாய் ஆமை முட்டைக்குழியை மூடியபின் தன் உடலாலேயே அடித்து அடித்து இறுக்கி, சுற்றிலும் மணலை வாரியிறைத்துக் குழப்பிவிட்டே போகும். ஆகவே குழி எங்கே என்று கண்ணால் காண இயலாது. மாணவி ஒரு மெல்லிய கோலை எடுத்து மணலில் மெதுவாக ஊன்றிப் பார்த்தாள். இறுகிய மணல், இறுகிய மணல், மீண்டும் இறுகிய மணல். ஓரிடத்தில் கோல் தானே இறங்கிற்று. அங்கே கையால் தோண்டினார்கள். முழங்கை அளவு ஆழத்தில் ஈரமும் வெதுவெதுப்புமாக முட்டைகள். எண்ணி எடுத்தபோது நூற்றுப் பதினொன்று.

குப்பத்துப் பெரியவர் ஒருவர் படகோரம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கோலை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நாங்களும் இப்படித்தான் வருவோம், கண்ணு. நாய் மோப்பம் பிடிக்கறதுக்குள்ள வந்துரணும். எங்களுது இரும்புக் கம்பி, அவ்ளோதான்."

"இப்ப எங்களுக்கே சொல்லிக் குடுக்கறீங்களே, தாத்தா?" என்றாள் மாணவி.

"தெரிஞ்சது ஒண்ணுதான். அப்ப வித்தேன், இப்ப சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நமக்குத்தான் அந்தச் சொல் பல நாள் மனத்தை விட்டு அகலவில்லை. முட்டை திருட வருபவனும் காக்க வருபவளும் ஒரே இரவில், ஒரே தடத்தை, ஒரே கோலால் படிக்கிறார்கள். தடத்தைக் கண்ட நொடியில் இருவர் மனத்திலும் எழுவது ஒரே மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த அறிவு யாருக்குச் சொந்தம்? அதற்கென்று நன்மை தீமை உண்டா, அல்லது கத்தியைப்போல் பிடிப்பவன் கைக்கு ஏற்ப மாறுவதா?

உலகெங்கும் வேட்டைக்காரருக்கு இந்தக் கேள்வி பழையது. வட அமெரிக்கக் காடுகளில் கரடி வேட்டைக்குப் போகிறவர்கள், பருவம் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே துப்பாக்கியின்றிக் காட்டுக்குள் திரிவார்கள். எச்சத்தில் எந்தப் பழத்தின் விதை கிடக்கிறது, மரப்பட்டையில் நகக்கீறல் புதிதா பழையதா, எந்தக் கல் கவிழ்ந்திருக்கிறது, எந்த ஓடையோரம் பாதம் பதிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்குமுன் நம் மலைக்காடுகளிலும், பிளந்து கிடக்கும் கறையான் புற்றைக் கண்டு கரடி போன வழியைச் சொல்லும் மனிதர் இருந்தனர். கொல்லப் போகும் உயிரின்மீது இத்தனை கவனம் செலுத்தும் மனிதனை என்னவென்று சொல்வது? தாய் தன் பிள்ளையைக் கவனிப்பது போன்ற கவனம் அது. முடிவு மட்டும் வேறு.

எண்ணந்தான் எல்லாம் என்று எளிதில் சொல்லிவிடலாம். நல்ல எண்ணத்தோடு தடம் பார்த்தால் அறம், தீய எண்ணத்தோடு பார்த்தால் பாவம் என்று. நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் நம் ஊருக்கு அருகிலேயே வாழும் இருளர் மக்களை நினைத்தபோது அந்த விடை போதாது என்று தோன்றிற்று.

எலிவளையின் வாய் வழவழப்பாக இருப்பதையும், புழுதியில் ஒரு மெல்லிய கோடு ஓடுவதையும், எச்சத்தின் நிறத்தையும் கொண்டு உள்ளே இருப்பது நல்லபாம்பா, கண்ணாடி விரியனா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். சட்டம் வந்து அந்தப் பிழைப்பு நின்றது. 1978இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து வயல்வெளியில் பாம்பு தீண்டியோரைக் காக்கிறது. இங்கே கொல்லும் அறிவு காக்கும் அறிவாயிற்று, நன்று. ஆனால் 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகள் அந்நாட்டுச் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நவீனக் கருவிகளுக்கு அகப்படாதவற்றை இவ்விருவரும் தம் கண்ணால் கண்டுபிடித்தனர். நான்கு வாரங்களுக்குள் இருபத்தேழு பாம்புகள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிடிபட்ட அந்தப் பாம்புகள் காட்டுக்குத் திரும்பவில்லை. கொல்லப்படுவதற்காகவே பிடிக்கப்பட்டன. இங்கே காத்த கண் அங்கே கொன்றது, அதுவும் நல்ல நோக்கத்தோடு. எண்ணத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசு இதில் தடுமாறுகிறது.

திருச்சபை வேட்டையைப் பற்றி மிகுதியாகப் பேசியதில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, குருக்கள் வேட்டையில் ஈடுபடலாகாது என்றும், ஆரவார வேட்டை அறவே கூடாது என்றும் விதித்தது. பொதுநிலையினராகிய நமக்கு அப்படியொரு விதியில்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்த இசைகிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்றும் சொல்கிறது. தேவை எது என்பதை நம் மனச்சான்றுக்கு விட்டுவிடுகிறது. மனச்சான்றோ, தேவை என்ற சொல்லைப் பெரிதும் நீட்டிக்கொள்ளும் தன்மையது.

இந்த இடத்தில், மயிலாப்பூரில் வாழும் நமக்கு நம் ஊரின் கதையே ஒன்று துணைக்கு வருகிறது. திருத்தூதர் தோமையார் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பதே நம் மரபு. கி.பி. 72 என்று ஆண்டும் சொல்வார்கள். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தாம் கேட்ட வேறொரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். திருத்தூதர் தம் குடிலுக்கு வெளியே, மரங்களிடையே இறைவேண்டலில் இருந்தாராம். அவரைச் சுற்றிலும் மயில்கள். வேட்டைக்கு வந்த ஒருவன் மயில் ஒன்றைக் குறிவைத்து அம்பெய்தான். திருத்தூதர் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. அம்பு அவர் விலாவில் பாய்ந்தது. மயில் நிறைந்த ஊர் என்பதால் மயிலாப்பூர் என்று பெயர் சொல்லும் நமக்கு, இது கற்பனையே என்றாலும் எளிதில் புறந்தள்ளக்கூடிய கற்பனை அன்று.

அந்த வேடன் பாவியா? குறி மயிலுக்கு. பகை யார்மீதும் இல்லை. அறநெறி இயல் அறியாமையை இரண்டாகப் பிரிக்கும். முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை ஒன்று, எவ்வளவு முயன்றாலும் வெல்லமுடியாத அறியாமை மற்றொன்று. பின்னதற்குப் பழியில்லை. முன்னதற்கு உண்டு. ஆகவே அவனிடம் நாம் கேட்கவேண்டியது, நீ என்ன எண்ணினாய் என்பதன்று. முந்தைய நாள் வந்து அந்தத் தோப்பைப் பார்த்தாயா என்பதே. வந்திருந்தால் குடிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தெரிந்திருக்கும். மனிதக் காலடி தெரிந்திருக்கும். மயில்கள் அஞ்சாமல் ஓரிடத்தில் கூடுவது ஏன் என்று ஐயம் எழுந்திருக்கும். தடம் பார்ப்பது வேட்டையின் தந்திரம் என்று நினைத்திருந்த நமக்கு, அது ஒரு கடமையாகவும் இருக்கக்கூடும் என்று இக்கதைதான் உணர்த்திற்று. முன்னதாகவே காட்டுக்குப் போய்ப் பார்க்கும் கரடி வேட்டைக்காரன், பெரிய பாதத்தின் அருகே சிறிய பாதங்களைக் கண்டால் இது குட்டிகளோடு இருக்கும் தாய் என்று அறிந்து விலகிப்போக முடியும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமே அதைக் கோருகிறது. பாராமல் சுடுகிறவனுக்கு விலகிப்போகும் வாய்ப்பே இல்லை.

நன்றாகப் பார்ப்பவன் எல்லாம் நல்லவன் ஆகிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் நன்றாகப் பார்த்துத்தான் முட்டைகளை விற்றார். ஆனால் அவருக்குத் தாம் எடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. எத்தனை முட்டை, எந்தக் குழி, எந்த ஆமை என்பதுவரை தெரிந்திருந்தது. அதனால்தான் ஒருநாள் அவரால் நிறுத்தவும் முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான கடலாமைகள் இறந்து ஒதுங்கின. மாணவர்கள் அந்த ஆண்டு தடத்தைத் தேடிப் போய்ப் பிணங்களை எண்ணினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்துக்கொண்டது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அவ்வப்போது நீர்மேல் வந்தாக வேண்டும். கடலடியில் நெடுநேரம் இழுபடும் இறால் வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். அந்த வலையை இழுத்தவர் எவரும் ஆமையைக் கொல்ல எண்ணியதில்லை. குறி இறாலுக்கு.

கடலடியில் போய்த் தடம் பார்க்க ஒருவராலும் இயலாது என்பது உண்மை. ஆனால் பார்க்க இயலாத இடத்தில் பார்வைக்குப் பதிலாக ஒன்று உண்டு. வலைக்குள் நுழைந்த ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கி, இல்லாதோரின் இறாலை வாங்க மறுத்தபோது, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. அந்த வழியாக இறாலும் மீனும் தப்பிவிடும், டீசல் காசுகூடத் தேறாது என்பது விசைப்படகுக்காரரின் முறையீடு. கடன் வாங்கிப் படகு வாங்கியவரின் முறையீட்டை, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் எள்ளி நகையாடுவது தகாது. அவர்களது இழப்பை அவர்களே சுமக்க வேண்டும் என்று சொல்வதும் தகாது. இறாலை உண்பவர்கள் நாம். வலையின் விலையில் நமக்கும் பங்குண்டு.

வேட்டையாடியவனுக்காவது ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல ஒரு கரடியின் முகம் இருக்கும். நம்மிடம் எந்த முகமும் இல்லை. சின்னமலைக் குகைக்குப் போய், திருத்தூதரின் கைத்தடம் என்று காட்டப்படும் இடத்தைத் தொட்டு வணங்கும் மக்கள் நாம். காயத்தைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றவரின் ஊர்க்காரர்கள். ஆனால் நம் தட்டுக்கு வந்த ஒன்றின் தடத்தை ஒருமுறையேனும் பின்னோக்கிப் படித்ததாக நமக்கு நினைவில்லை.

அன்று விடியும் வேளையில், முட்டைப் பையைத் தோளில் தாங்கிய மாணவி, புறப்படும் முன் ஆமையின் தடத்தைக் காலால் கலைத்து அழித்தாள். எண்ணியதையே பின்னால் வருபவர் மறுபடியும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. வேறு யாரும் தேடி ஏமாறாதிருக்கவும் கூடத்தான் என்று சிரித்தாள். பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே ஆழத்துக்கு, அதே குடுவை வடிவில் குழியெடுத்து முட்டைகளை இறக்கினார்கள். குஞ்சு பொரிய நாற்பத்தைந்து நாளுக்குமேல் ஆகும். அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்து வளர்ந்தால் பெரிது என்பார்கள்.

வீடு திரும்பும் வழியில் அடையாற்றில் மீன் விற்கும் அம்மாள் ஒருவர் கூடையைத் திறந்துகொண்டிருந்தார். இறால் புதிதாக இருந்தது. எந்த வலையில் விழுந்தது என்று கேட்டோம். அவர் நம்மை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

"எந்த வலைன்னு எனக்கு என்னா சார் தெரியும்? காசிமேட்டுல ஏலத்துல எடுத்தது. அரைக் கிலோ போடவா?"

போடச் சொன்னோம்.