முகம் பார்த்து அளந்த மரக்கால்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாலை, மறைக்கல்வி முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறவர். பெற்றோரைக் காண ஊருக்கு வந்திருந்தார். அவர் சொன்னதை ஒப்புரவு அருள்சாதனத்தில் நாம் கேட்கவில்லை, திண்ணையில்தான் கேட்டோம். எழுதலாமா என்று வினவி, இசைவு பெற்ற பின்னரே எழுதுகிறோம்.

அவருடைய குழுவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். தாம் முன்பு இருந்த நிறுவனத்திலிருந்து மூவரைத் தம்முடன் அழைத்துவந்தார். நாளடைவில் குழுவுக்குள் ஒரு குழு உண்டாயிற்று. முடிவுகள் தேநீர்க் கடையில் எடுக்கப்பட்டுக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டன. வாடிக்கையாளரின் நாட்டுக்கே சென்று பணியாற்றும் வாய்ப்பு, அவர்கள் உலகில் ‘ஆன்சைட்’ என்று பெயர் பெற்றது, சம்பள உயர்வைவிட விரும்பப்படுவது, சேர்ந்து ஓராண்டு நிறையாத ஒருவருக்குப் போயிற்று. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து பழுதுபட்ட நிரலைச் சரிசெய்தவர் இவர். மறுநாள் காலை அதை வாடிக்கையாளருக்கு விளக்கி நன்றி பெற்றுக்கொண்டவர் வேறொருவர். ஆண்டு மதிப்பீட்டில் இவருக்கு நடுத்தரம் என்று வந்தது. காரணம் கேட்டபோது, இவருடைய பணி பலர் கண்ணில் படவில்லை என்பதே மறுமொழி.

இத்தகைய முறையீடுகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பொறுமையைப் பற்றியும் சிலுவையைப் பற்றியும் இரண்டு சொற்கள் சொல்லி அனுப்பிவிடலாம் என்றே வாயெடுத்தோம். (குருக்களுக்கு அது எளிது, எங்களுக்கு ஆண்டு மதிப்பீடு இல்லை.) அப்போது அவர் சொன்னார்: “சாமி, நான் மோசமா வேலை செஞ்சேன்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். இப்ப நான் நல்லா செய்றவனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

அந்தச் சொல் நம்மைத் தடுத்து நிறுத்தியது. பணத்துக்காகவும் பயணத்துக்காகவும் அவர் வருந்தவில்லை என்று சொல்ல மாட்டோம். வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர், வருந்தத்தான் செய்தார். ஆயினும் அவற்றினும் ஆழமான ஒன்று அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது: தம் உழைப்பைப் பற்றிய உண்மை. பாரபட்சம் என்பது பங்கீட்டில் நிகழும் அநீதி என்று குருமடத்தில் படித்திருந்தோம். அது ஒரு பொய்யும்கூட என்பதை அன்று மாலைதான் உணர்ந்தோம். ஒரு மனிதனிடம், அவன் தன் கையால் செய்ததைப் பற்றியே சொல்லப்படும் பொய்.

நாம் பிறந்த ஊர் காவிரிப் பாசனத்தது. சிறு வயதில் அறுவடைக் களத்தில் கூலி நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதுண்டு. பண்ணையாரின் கணக்கப்பிள்ளை கையில் மரக்கால் இருக்கும். ஒருவருக்குக் கோபுரமாகக் குவித்துக் கவிழ்ப்பார்; அடுத்தவருக்கு உள்ளங்கையால் தலைவழித்துக் கவிழ்ப்பார். எண்ணிக்கையில் இருவருக்கும் மூன்று மரக்கால்தான்; கணக்கேட்டில் எவரும் குற்றம் காண முடியாது. ஆனால் களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கண் இருந்தது. யார் எத்தனை கட்டு அறுத்தார், யார் தலையில் சுமந்து வந்தார் என்பது ஊருக்கே தெரியும். தலைவழித்த நெல்லை முந்தானையில் ஏந்திப்போன பெண், தான் குறைவாக அறுத்தவள் என்று ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டாள். கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே போவாள். அவளுடைய உழைப்பு அவள் கண்முன்னே கட்டுக்கட்டாகக் கிடந்தது. அவளை ஏமாற்ற முடிந்தது, ஐயுற வைக்க முடியவில்லை.

கணினிகளின் முன்னே நடக்கும் வேலையில் அந்தக் கட்டுகள் இல்லை. நேரவிருந்த பிழையை முன்கூட்டியே கண்டு தவிர்த்தவருடைய பணி, ஒன்றும் நேராமற்போன காரணத்தாலேயே எவர் கண்ணிலும் படுவதில்லை. பிழை நேர்ந்தபின் ஓடிவந்து சீர்செய்பவர் வீரராகிறார். சில வேளைகளில் நெருப்பை வைத்தவரும் அவராகவே இருப்பதுண்டு. ஆறுபேர் சேர்ந்து எழுதியதில் எது எவருடையது என்பதை, அந்த மொழி தெரிந்தவரும் பொறுமையாக அமர்ந்து படித்தால்தான் அறிய முடியும். மேலாளருக்கு அதற்கு நேரமில்லை. சிலருக்குப் படிக்கவும் தெரியாது. அளவுகோல் இல்லாத இடத்தில் அருகாமை அளவுகோலாகிவிடுகிறது. ஒரே கல்லூரி, ஒரே தாய்மொழி, சொல்லத் தயங்கினாலும் ஒரே சாதி. கைக்குழந்தையை நினைத்து மாலை ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண், பகலில் எவ்வளவு செய்திருந்தாலும், அந்த ஆறு மணியைக் கொண்டே அளக்கப்படுகிறாள்.

இதற்கு மருந்தாக எண்களைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியரை ஆண்டுதோறும் மேல் 20, நடு 70, கீழ் 10 விழுக்காடு எனப் பிரிக்க வேண்டும், கடைசிப் பத்து விழுக்காட்டினர் வெளியேற வேண்டும் என்றார். தகுதியற்றவரிடம் காட்டும் பொய் இரக்கமே கொடுமை என்பது அவர் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த வழி மென்பொருள் உலகில் என்ன செய்தது என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் கண்டார்கள். 2012 ஆகஸ்டில் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் கர்ட் ஐகன்வால்ட் எழுதிய கட்டுரை அதை விரிவாக வெளிப்படுத்தியது. பத்துப்பேர் கொண்ட குழுவானால் இருவருக்கு மிக நன்று, எழுவருக்கு நடுத்தரம், ஒருவருக்கு மோசம் என்பது, அவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே விதிக்கப்பட்டிருந்தது. பத்துப்பேரும் சிறந்தவர்களாயினும் ஒருவர் மோசமானவர் ஆகவே வேண்டும். ஆகவே திறமைசாலிகள் திறமைசாலிகளோடு ஒரே குழுவில் சேர அஞ்சினார்கள். தரங்களை முடிவுசெய்ய மேலாளர்கள் பலர் ஓர் அறையில் கூடிப் பெயர்களை மேலும் கீழும் நகர்த்திப் பேரம் பேசினார்கள். தன் மேலாளரின் தயவு மட்டும் போதாமல், அந்த அறையில் அமரும் மற்ற மேலாளர்களின் தயவையும் ஊழியர் தேட வேண்டியதாயிற்று. 2013 நவம்பரில் அந்நிறுவனம் அம்முறையைக் கைவிட்டது. நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் ‘பெல் கர்வ்’ என்ற பெயரில் அதையே பின்பற்றின. பின்னர் சில அதை விட்டன.

எண் வந்ததால் முகம் மறைந்துவிடவில்லை. மூடிய அறைக்குள் போய் அமர்ந்துகொண்டது. கணக்கப்பிள்ளையின் உள்ளங்கையாவது களத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

விவிலியத்தின் எபிரேய மொழி பாரபட்சத்தை ‘முகத்தை உயர்த்துதல்’ என்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ‘முகத்தை ஏற்றல்’ என்கிறது. நம் ‘முகத்தாட்சணியம்’ என்ற சொல்லிலும் முகமே முன்நிற்கிறது. புனித அக்குவினாத் தோமா தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 63-ஆம் வினாவில், இதை ஆராய்கிறார். ஒருவருக்கு ஆசிரியப் பதவியை அவருடைய அறிவை முன்னிட்டு அளித்தால் அங்கே பார்க்கப்படுவது தகுதி. அவர் பேதுரு அல்லது மார்ட்டின் என்பதற்காகவே அளித்தால் பார்க்கப்படுவது ஆள். உறவுமுறை ஒருவரைச் சொத்துக்கு வாரிசாக்கத் தகுதியாகும், திருச்சபையில் அதிகாரம் பெறத் தகுதியாகாது என்கிறார். அதோடு, கடமையாகத் தர வேண்டியதையும் மனமுவந்து தருவதையும் பிரித்துக் காட்டுகிறார். தனக்குரியதைத் தருகிறவன் தான் விரும்பியவனுக்குத் தரலாம். அங்கே பாரபட்சம் என்னும் பாவத்துக்கு இடமில்லை.

திராட்சைத் தோட்ட உரிமையாளர் கடைசியில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கொடுத்தது அப்படித்தான். அவர் கொடுத்தது தம் பணம். முதலில் வந்தவர்க்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. மேலாளர் பொறுப்பில் இருக்கும் அன்பர் ஒருவர் ஒருமுறை இந்த உவமையை எடுத்துக்காட்டி, யாருக்கு எது தருவது என்பது தம் விருப்பம் என்று நம்மிடமே வாதிட்டார். நீங்கள் அந்த உவமையில் இல்லை, லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறீர்கள் என்றோம். தலைவருடைய கடன் சீட்டுகளைத் திருத்தித் தமக்கு நண்பர்களைத் தேடிக்கொண்ட வீட்டுப் பொறுப்பாளர் அங்கேதான் இருக்கிறார். அன்பர் சிரித்தார், அதன்பின் சில வாரங்கள் நம்மிடம் பேசவில்லை.

மேலாளர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நம்பிக்கை இல்லாமல் எவரும் ஒரு குழுவை நடத்த முடியாது; நம்பிக்கையோ பழகிய முகத்தில்தான் முளைக்கிறது. அக்குவினாத் தோமாவே, புனிதத்திலும் கல்வியிலும் குறைந்தவர் ஒருவர் பொதுநலனுக்கு மிகுதியாகப் பயன்படக்கூடும் என்பதை ஏற்கிறார். வள்ளுவர் ஆளைத் தேர்வதற்கென்றே 51-ஆம் அதிகாரத்தையும், தேர்ந்தவரை வேலையில் அமர்த்துவதற்கென்று 52-ஆம் அதிகாரத்தையும் ஒதுக்கினார். அன்பு ஒன்றையே பற்றிக்கொண்டு அறியாதவரை நம்புகிறவனுக்கு அங்கே கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. அதே வள்ளுவர் 58-ஆம் அதிகாரத்தில் கண்ணோட்டத்தை உலகின் அழகென்று போற்றுகிறார். 55-ஆம் அதிகாரமாகிய செங்கோன்மையிலோ முறைசெய்கிறவன் எவரிடமும் கண்ணோடலாகாது என்கிறார். மாணவப் பருவத்தில் இது முரண்பாடாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மேற்கொண்ட காரியம் கெடாதபடி இரக்கம் காட்டத் தெரிந்தவரையே அவர் அங்கும் உயர்த்துகிறார். தன் நேரத்தையும் தன் பொறுமையையும் மேலாளர் யாருக்கு வேண்டுமானாலும் வாரி வழங்கலாம். மற்றவர் பங்கை அளக்கும்போதுதான் கண் ஓடக்கூடாது.

இதில் கெடுவது புறக்கணிக்கப்பட்டவர் வாழ்வு மட்டுமா? யாக்கோபு ஆசையோடு செய்துகொடுத்த அங்கிக்கு விலை கொடுத்தவர் யோசேப்பு; ஆழ்குழிக்குள் தள்ளப்பட்டவர் அந்தச் செல்லப்பிள்ளைதான். ஆன்சைட் சென்ற அந்த நண்பர், அங்கே வேலை பிடிபடாமல், இரவில் நம் இளைஞரையே தொலைபேசியில் அழைத்து வழி கேட்கிறாராம். தாம் தகுதியானவர்தானா என்று அவருக்கும் தெரியாது. ஒருவேளை அவருக்கே அது அதிகமாகத் தெரியாது. யாக்கோபின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவர் தாமே பெற்றோரின் பாரபட்சத்தில் வளர்ந்தவர். தந்தை ஈசாக்கின் அன்பு அண்ணன் ஏசாவிடம் இருந்தது. அதன் வலியை அறிந்தவரே அதைத் தம் பிள்ளைகளிடம் திரும்பச் செய்தார்.

இதை எழுதும் நம் கையும் சுத்தமில்லை. முன்பு ஒரு பங்கில் பள்ளித் தாளாளராகவும் இருந்தோம். நிர்வாகமே சம்பளம் தரும் தற்காலிக ஆசிரியையர் இருவர் இருக்க, நிரந்தர இடம் ஒன்று காலியாயிற்று. ஒருவர் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய தந்தை கோயில் கட்டடப் பணியில் நமக்கு வலக்கையாக நின்றவர். மற்றவர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து, கணக்குப் பாடம் நடத்திவிட்டு, மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடுபவர். முதலாமவரைப் பரிந்துரைத்தோம். நம்பிக்கைக்குரியவர் என்று கடிதத்தில் எழுதினோம். எழுதும்போது அது தவறென்று தோன்றவே இல்லை. மனித உழைப்பைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலைக் கருத்தரங்குகளில் நாம் விளக்கிவந்த காலமும் அதுவே. சில மாதங்கள் கழித்து மற்றவர் வேலையை விட்டு விலக வந்தார். “என் வகுப்புல என்ன குறை கண்டீங்க, ஃபாதர்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருடைய வகுப்பில் நாம் போய் அமர்ந்ததில்லை.

முகத்தாட்சணியம் அன்பு மிகுந்ததால் வருவது என்று எண்ணியிருந்தோம். நம் அளவில் அது சோம்பலால் வந்தது. முகம் நாள்தோறும் தானாக வந்து எதிரில் நின்றது. வேலையை நாம்தான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே திண்ணையில் அந்த இளைஞருக்கு நாம் சொன்னது சிறிதே. ஆண்டு முழுவதும் செய்த பணிகளை நாளும் பொழுதும் குறித்து, அலங்காரமின்றி, ஒரே தாளில் எழுதுங்கள். எவர்மீதும் குற்றம் சாட்டாதீர்கள். இதில் குறை எது என்று மட்டும் மேலாளரிடம் கேளுங்கள் என்றோம். அவர் தயங்கினார். அடுத்த ஆட்குறைப்பில் தம் பெயர் முதலில் வந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் வீண் என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊர் வந்தபோது, கேட்டுவிட்டதாகச் சொன்னார். மேலாளர் தாளை இருமுறை படித்தாராம். “இதெல்லாம் நீங்க செஞ்சதா? எனக்குத் தெரியாதே” என்றாராம். அது நடிப்பாகத் தெரியவில்லை என்றார் இளைஞர். அவ்வாண்டின் மதிப்பீடு முடிந்துவிட்டபடியால் தரம் மாறவில்லை. தாளை மட்டும் மேலாளர் திருப்பிக் கொடுக்காமல், மடித்துத் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாராம்.