எழுத்துக்கு முகூர்த்தம் உண்டா?

ஒரு நூலையோ இதழையோ எந்த நாளில் வெளியிடுவது என்ற கேள்வி பெரும்பாலும் வணிகக் கணக்காகவே கருதப்படுகிறது. ஆயினும் அதன் அடியில் சமயமும் தத்துவமும் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ஒரு வினா உள்ளது. நன்மை என்பது காலத்தின் இயல்பிலேயே உறைகிறதா, அல்லது செய்பவனின் நிலையாலும் செயலின் தகுதியாலும் காலம் நன்மை பெறுகிறதா என்பதே அவ்வினா. முன்னது உண்மையெனில், நல்ல வேளையைக் கண்டறிந்து செயலை அதற்குள் பொருத்துவதே அறிவுடைமையாகும். பின்னது உண்மையெனில், நேரம் பார்ப்பவன் தன் கவனத்தைப் பிழையான இடத்தில் செலவிடுகிறான் என்றே கொள்ள வேண்டும்.

முதல் நிலைப்பாட்டின் நிறைந்த வடிவம் பஞ்சாங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளைக் கொண்டு ஒவ்வொரு நாளின் தன்மையையும் வரையறுப்பதால் அது அப்பெயர் பெற்றது. சூரிய உதயம் முதல் மறைவு வரையிலான பொழுதை எட்டாகப் பகுத்து, கிழமைக்கு ஏற்ப அவற்றுள் ஒரு பகுதியை ராகு காலம் என்று ஒதுக்குவதும் இம்மரபில் அடங்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டி உதயத்தை ஆண்டு முழுவதும் காலை 6 மணி என்றே வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை என அச்சிடுகிறது. புதுச்சேரியிலோ மே மாத இறுதிக்கும் சனவரிக்கும் இடையே உதயம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வேறுபடுகிறது. ஆகவே அச்சிட்ட ராகு காலத்தை நிமிடம் பிசகாமல் காப்பவர் சாத்திரத்தையும் முழுமையாகக் காப்பதில்லை. அவரை ஆள்வது பெரும்பாலும் அச்சத்தைத் தணிக்கும் வழக்கமே.

இவ்வச்சத்துக்குச் சைவ மரபு தந்த மறுமொழி துணிவானது. பாண்டி மாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை, கோள்நிலை சரியில்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தபோது, சிவனை உள்ளத்தில் கொண்ட அடியாருக்குக் கோள்கள் அனைத்தும் நல்லனவே என்று சம்பந்தர் பாடியதாகப் பெரியபுராண மரபு கூறுகிறது. கோளறு பதிகம் என வழங்கும் அப்பாடல் கோள்களை இல்லை என்று மறுக்கவில்லை. அவற்றின் ஆட்சிக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. பிற்காலத்தில் அப்பதிகமே கோள்களின் தீமை நீங்க ஓதும் பரிகாரமாக மாறியது வருந்தத்தக்கது. நாள் பார்க்கத் தேவையில்லை என்று சொன்ன பாடல், நாள் பார்ப்பவரின் கைக்கருவியாகிவிட்டது. ஆயினும் அதே மரபுதான், சேக்கிழார் தம் பெரியபுராணத்தைத் தில்லையில் சித்திரைத் திருவாதிரையன்று அரங்கேற்றத் தொடங்கி, மறு ஆண்டு அதே திருவாதிரையில் நிறைவு செய்தார் என்றும் போற்றுகிறது. அரங்கேற்றம் என்பது புதிய நூலை அறிஞர் அவையில் படித்துக் காட்டி ஏற்புப் பெறும் முறை. நாளைப் பொருட்படுத்தாத சம்பந்தரையும் நாளைத் தேர்ந்த சேக்கிழாரையும் ஒரே மரபு வணங்குவதில் முரண்பாடு இல்லையா என்று கேட்பது முறையே.

அதற்கு விடை காணுமுன், காலம் பார்த்தலில் மூடநம்பிக்கை கலவாத ஒரு வகையும் உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் கோள்களைக் குறிப்பிடாமலே, பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று காட்டி, சூழலை அறிந்து செயற்படுவதைக் காலமறிவு என்கிறது. புதுச்சேரி நகரின் தென்பகுதியில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே உள்ள தேங்காய்த்திட்டின் மீன்பிடித் துறைமுகத்தில் இவ்வறிவு நாள்தோறும் புழங்குகிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோகும் நாட்களில் விசைப்படகுகள் நீர்மட்டம் உயரும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. கடல்நீர் ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வருமே தவிர, எவர் விருப்பத்துக்கும் முந்துவதில்லை. இதனினும் ஆழமானது, கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலம். ஏற்றத்துக்குக் காத்திருப்பது படகின் பொருட்டு. தடைக்காலத்தில் காத்திருப்பது மீன் இனம் பெருகும்பொருட்டு. எழுத்தை வெளியிடுவோர் வாசகர் கூடும் வேளையைக் கணிப்பது முதல் வகையைச் சேரும். எழுதிய கருத்து முதிரும் வரை அதனை விட்டுவைப்பது இரண்டாம் வகை. பெரும்பாலான பேச்சு முதல் வகையோடு நின்றுவிடுவதுதான் குறை.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதற்குத் தெளிந்த சான்று ‘ஆர்யா’ இதழ். 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தர், பால் ரிஷார், பின்னாளில் அன்னை என்று போற்றப்பட்ட மிரா ஆகியோருடன் இணைந்து தொடங்கிய இந்தத் தத்துவ மாத இதழின் முதல் வெளியீட்டு நாள் 1914 ஆகஸ்ட் 15. அது ஸ்ரீ அரவிந்தரின் பிறந்தநாள். இதழின் திட்டம் உருவானபோது ஐரோப்பாவில் போர் மூளவில்லை. வெளிவந்தபோதோ செர்மனி பிரான்சின்மீது போர் அறிவித்துப் பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. படைப்பணிக்கு அழைக்கப்பட்ட ரிஷார் 1915 பிப்ரவரியில் மிராவுடன் பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது. இதழின் பிரெஞ்சுப் பதிப்பும் ஏழு மாதங்களில் நின்றது. மாதந்தோறும் 64 பக்கங்களை நிரப்பும் பொறுப்பு முழுவதும் ஏறக்குறைய ஸ்ரீ அரவிந்தர் ஒருவர் மீதே விழுந்தும், இதழ் 1921 சனவரி வரை வெளிவந்தது. உலகியல் கணக்கில் மானுட ஒற்றுமையைப் பற்றி எழுதுவதற்கு அதனினும் தகாத வேளை இருந்திருக்க முடியாது. அதனினும் தேவையான வேளையும் இருந்திருக்க முடியாது.

பிறந்தநாளைத் தேர்ந்ததும் நேரம் பார்த்ததுதானே என்று வாதிடலாம். ஆனால் நாளிடமிருந்து பயனைப் பெற நாடுவதற்கும், ஒரு நாளுக்குச் செயலைக் காணிக்கையாக்குவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முகூர்த்தம் பார்ப்பவன் தன் செயல் வெற்றிபெற நாளின் துணையைக் கோருகிறான். காணிக்கை செய்பவன் வெற்றி தோல்வியை நாளின்மேல் ஏற்றாமல், நினைவுக்குரிய ஒன்றோடு தன் செயலை இணைத்துக்கொள்கிறான். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய நான்கும் தரிசன நாட்கள், அதாவது அடியார்கள் குருவைக் கண்டு வணங்குவதற்கென அமைந்த நாட்கள். 1949இல் தொடங்கிய ஆசிரமத்தின் காலாண்டு இதழும் பிப்ரவரி 21ஆம் நாளையே தன் தொடக்க நாளாகக் கொண்டது. தில்லையின் திருவாதிரையையும் இவ்வாறே புரிந்துகொண்டால், சம்பந்தரும் சேக்கிழாரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை என்பது விளங்கும். ஒருவர் நாளுக்கு அஞ்ச மறுத்தார், மற்றவர் நாளைக் காணிக்கைக்கு உரியதாக்கினார்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னையே காலம் என்று அறிவிக்கிறான். காலம் இறைவனின் வடிவெனில், அதனை மனிதன் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே தலைகீழாகிறது. ‘கடவுளின் வேளை’ என்று பொருள்படும் தலைப்பில் ஸ்ரீ அரவிந்தர் எழுதிய சிறு கட்டுரை இதையே ஆராய்கிறது. சில காலங்களில் பேருழைப்பும் சிறுபயனே தரும். சில வேளைகளில் சிறு முயற்சியும் பெருவிளைவைத் தரும். அவ்வேளை வரும்போது ஆயத்தமின்றி இருப்பவன் இரங்கத்தக்கவன் என்பது அதன் சாரம். வேளையைக் குறிக்க அது எந்தக் கணக்கையும் தரவில்லை. வஞ்சனையும் தன்னேமாற்றமும் நீங்கிய தூய்மையையே ஆயத்தமாகக் கேட்கிறது. அக்கட்டுரை அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை.

ஆர்யாவில் தொடராக வந்த அவரது முதன்மைத் தத்துவ நூலும், பெரிதும் திருத்தி விரிக்கப்பட்ட பின், 1939, 1940ஆம் ஆண்டுகளில்தான் நூல்வடிவம் பெற்றது. அதற்குள் மற்றொரு உலகப்போர் தொடங்கியிருந்தது. மாதக் கெடுவுக்கு ஏற்ப வெளிவந்ததும் அதே எழுத்து, இருபது ஆண்டுகள் காத்திருந்ததும் அதே எழுத்து. ஆகவே முதிர்ச்சிக்காகக் காத்திருத்தல் என்பது மௌனமாக இருப்பதையே எப்போதும் குறிப்பதில்லை. சொல்லை ஒருமுறை உலகில் உலவவிட்டு, அதன் குறைகளைக் கண்டு, மீண்டும் கையில் எடுப்பதும் அதில் அடங்கும்.

அந்த வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சோதிடத்தை இகழவும் காலத்தை வீணாக்காதிருக்கவும் தம் புதிய ஆத்திசூடியில் ஒருசேரக் கற்பித்த பாரதியார், புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1912இல், பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டார். அவரது ‘இந்தியா’ வார இதழ் அதற்கு முன்பே, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டதால், 1910இல் நின்றுபோயிருந்தது. காவியத்தின் இரண்டாம் பாகம் அச்சானது 1924இல். ஆசிரியர் 1921 செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார்.