கேட்கத் தெரியாத விருந்தாளி



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தாள். "சாமி, பையன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். முதல் சில மாதம் ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருக்கிறது. முன்பின் தெரியாத அந்த வீட்டிலே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்" என்றாள். அப்போதைக்கு நாலு புத்தி சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் கேள்வி என்னை விடவில்லை. அந்நியர் வீட்டில் தங்கும் பிள்ளைக்கு ஒரு குறை நேர்ந்தால் யார்மேல் பிழை? வாய் திறந்து கேளாத பிள்ளைமேலா, பார்த்தறியாத வீட்டார்மேலா?

இதை யோசிக்கும்போது நமக்கு அருகிலுள்ள ஒரு வீடு நினைவுக்கு வந்தது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவிலே, கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த வீட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தத் திண்ணையில் சம்மணமிட்டுக் கணக்குப் போட்ட பிள்ளை, 1914-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். அவருக்கு அப்போது 26 வயது. கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று எண்ணிய காலம் அது. தாயாரும் முதலில் சம்மதிக்கவில்லை. புறப்படுமுன் குடுமியை எடுத்தாயிற்று. கால்சட்டையும் பூட்சும் மாட்டியாயிற்று. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கியாயிற்று. ஒரு மனிதனை இவ்வளவு மாற்றி அனுப்பினால் அவனுக்கு இனி எல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஏப்ரல் 14-ம் தேதி கப்பல் லண்டனை அடைந்தது. துறையிலே காரோடு காத்திருந்தவர் நெவில் என்னும் கணித ஆசிரியர். அந்த வருஷத் தொடக்கத்தில் சென்னை சர்வகலாசாலையில் பிரசங்கம் செய்ய வந்து, இராமானுஜனைச் சந்தித்து, புறப்படும்படி மனம் திருப்பியவர் அவரே. லண்டனில் சில நாள் கழிந்ததும், கேம்பிரிட்ஜில் செஸ்டர்ட்டன் சாலையிலிருந்த தம் வீட்டுக்கே அழைத்துப் போய்ச் சுமார் ஆறு வாரம் தம்மோடு வைத்துக்கொண்டார். நெவிலுக்கு வயது 25. அதாவது வந்த விருந்தாளியைவிட இளையவர்; கலியாணமாகி அதிக காலம் ஆகவில்லை. புதுக் குடித்தனத்திலே மாமிசம் தொடாத, பாஷையும் பழக்கமும் வேறான ஒருவரை ஏற்றுக்கொள்வது அந்த இளம் மனைவிக்கு எத்தனை வேலை என்பதைக் குடும்பப் பெண்கள் சொல்லாமலே அறிவார்கள்.

ஆனால் நெவில் வீட்டைப் பற்றி என்னை அதிகமாய்த் தொட்டது வேறொன்று. பின்னாளில் அந்த நாட்களை நினைவுகூர்ந்தபோது, இராமானுஜனுக்கு இருந்த சின்னச் சின்ன உபாதைகளை அவர் குறிப்பிடுகிறார். பழக்கமில்லாததால் ருசிக்காத காய்கறிகள். 26 வருஷம் கட்டின்றி இருந்த கால்களை வதைத்த பூட்சு. இத்தனைக்கும் இராமானுஜன் அப்போது சந்தோஷமாகவே இருந்தார் என்றும் சொல்கிறார். பாருங்கள், வந்தவர் கணிதத்தில் அபூர்வ மேதை. அவருடைய மூளையை உலகமே பார்க்கக் காத்திருந்தது. அவருடைய காலைப் பார்த்தவர் அந்த வீட்டுக்காரர்.

ஆறு வாரத்துக்குப்பின் இராமானுஜன் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோனார். அங்கே நடந்ததைச் சொன்னவர், அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவியவர். ஒருநாள் அவர், "இராத்திரியில் குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார். மேற்கோட்டை மாட்டி, சால்வையும் போர்த்திப் படுத்தும் குளிர் விடவில்லை என்றார் இராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலிலே கம்பளிகள் இருக்கின்றன! அந்நாட்டு வழக்கப்படி அவற்றை விரித்து, மெத்தையடியில் ஓரங்களைச் செருகி, மேலே விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது பாயிலே படுத்துப் பழகியவருக்கு எப்படித் தெரியும்? இவர் அத்தனைக்கும் மேலே படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் விரிப்பை விலக்கிக் காட்டினார். இராமானுஜன் மனம் நெகிழ்ந்துபோனாராம்.

இங்கே யார்மேல் பிழை சொல்வீர்கள்? கல்லூரியார் கம்பளி கொடுத்துத்தான் இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு குறையுமில்லை. "கேட்டிருக்கலாமே" என்பீர்கள். தெரியாது என்பதே தெரியாதபோது எதைக் கேட்பது? சங்கோசத்தால் கேளாதவன் ஒருவன், அறியாமையால் கேளாதவன் ஒருவன். இருவரையும் நாம் ரோசக்காரன் என்றே ஒதுக்கிவிடுகிறோம். ஆகையால் வீட்டின் வழக்கத்தை அறிந்தவன்மேலேயே கடமை அதிகம் என்பது என் துணிபு. "சௌகரியந்தானே?" என்று வாசலில் நின்று கேட்பது போதாது, "சௌகரியந்தான்" என்ற பதிலைத் தவிர வேறு எதையும் அந்தக் கேள்வி வரவழைக்காது. மகலனோபிஸும் ஒரு கேள்விதான் கேட்டார். ஆனால் குளிரைக் குறித்துக் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கட்டிலைப் பார்த்தார். நம் தஞ்சைச் சீமையில் மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்கள் வழிப்போக்கருக்குச் சோறு போட்டன. படிக்கும் பிள்ளைகளையும் ஆதரித்தன. பெரிய தர்மந்தான். ஆயினும் சத்திரம் இலையைப் பார்க்கும், முகத்தைப் பார்க்க அதற்கு நேரமில்லை. வீடு என்றால் முகத்தையும் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பின்னொரு சமயம் இராமானுஜன் தாமே சமைத்து, சில இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார், இரண்டு முறை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை பெண்கள் போதும் என்றதும் அவர் முகம் வாடி, சொல்லாமல் வெளியே போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தபிறகே இருந்த இடம் தெரிந்தது. சிறுபிள்ளைத்தனம் என்று சிரிக்கலாம். நான் சிரிக்கமாட்டேன். எந்நேரமும் பிறர் தயவை வாங்கியே வாழும் ஒருவனுக்கு, தன் கையால் ஒரு கரண்டி கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்!

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கல்லூரிகளுக்கு வந்து, நம் மாடிகளில் வாடகைக்கும் உறவுக்கும் தங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்த பிள்ளைக்கு நம் சாம்பார், அந்தக் கேம்பிரிட்ஜ் காய்கறிதான். அவன் தட்டில் மீதம் வைத்தால் கோபிக்குமுன், அவன் ஊரிலே எதைச் சாப்பிடுவார்கள் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறோமா? ஒருநாள் அவனே சமைக்கட்டும் என்று நம் அடுப்பை விட்டுக்கொடுத்திருக்கிறோமா?

அந்தத் தாயிடம் நான் சொன்ன நாலு புத்தியில் முதலாவது, "கொடுத்ததைச் சாப்பிடு, ஒன்றும் கேளாதே" என்பது. அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன் அடுத்த மாதம் புறப்படுகிறான். ஞாயிறு பூசைக்குப்பின் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.