பல குருக்கள், ஓர் உடல்

நண்பர் ஒருவர் தம் மகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். ஆறு வருஷம் பரதநாட்டியம் பயின்றவள், இப்போது களரிப்பயிற்றுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். அடுத்து மௌன நாடகமாம். "இது கலையார்வமா, சபலமா, நீர்தான் சொல்லும்" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கந்தப்பா பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது.

அவர் பாலசரஸ்வதியின் ஆசான். 1925-ல் காஞ்சிபுரத்தில் பாலா அரங்கேறியபோது வயது ஏழு. ஒரே கலை, விட்டுக்கொடுக்காத கண்டிப்பு. அப்படிப்பட்டவர் 1930களின் இறுதியில் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்குப் புறப்பட்டுப் போனார். உதயசங்கர் அங்கே தொடங்கிய கலை நிலையத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், பரதத்துக்கு இவர். உதயசங்கரோ லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போய், 1923-ல் அன்னா பாவ்லோவாவுடன் ஆடிப் பெயர் பெற்ற பிறகே முறையாகக் கதகளி பயின்றவர்.

ஒரு குழந்தையின் அடவை வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவர், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று கற்கும் மாணவர்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? கதை எழுதுகிறவனுக்கு இது தீராத ஆவல்.

ஏனென்றால் உடல் புத்தக அலமாரி அல்ல, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை அடுக்கிவைக்க. பரதத்தில் அரைமண்டியில் அமர்ந்து முழுப்பாதத்தையும் ஓசைபடத் தட்ட வேண்டும். கதகளியில் பாரமெல்லாம் பாதத்தின் வெளிவிளிம்பில் தங்கும். மணிப்புரிப் பெண்ணோ முழங்கால்களை விரிக்காமல், பூமியை அதட்டாமல் அடி வைப்பாள். ஒன்றில் பெற்ற தேர்ச்சியே மற்றதில் குற்றமாகிவிடுகிறது! நன்றாக ஆடத் தெரிந்தவள் புது ஆசான் முன் தடுமாறி நிற்க வேண்டும். சபலக்காரன் அப்படி நிற்கமாட்டான். கண்ணைக் கவரும் நாலு அசைவுகளை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஆனால் அசலைக் கொடுக்காமல் வட்டியை மட்டும் அனுபவிக்கிறவனை நாணயஸ்தன் என்று சொல்வதெப்படி?

நானும் பிறர் சொத்தில் வாழ்கிறவன்தான். செகாவையும் மாப்பசானையும் படித்துக் கதை எழுதக் கற்றேன். உத்தி வந்தது. அவர்களுடைய பொறுமையும் வந்ததா என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

பாலசரஸ்வதி பரதத்தை விட்டு அகலவில்லை. அதனால் குறைந்துபோகவும் இல்லை. அல்மோரா நிலையம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆனால் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்து 1948-ல் வெளிவந்த 'கல்பனா'வைப் பார்த்தால், வெறும் கதம்பம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

நண்பரிடம் ஒன்று கேட்டேன்: "தனக்குப் பரதம் தெரியும் என்று களரி ஆசானிடம் உங்கள் பெண் சொன்னாளா?"

"சொல்லவில்லையாம். அவள் நின்ற நிலையைப் பார்த்தே அவர் கண்டுகொண்டாராம். ஒரு மாதமாய் நிற்க மட்டுமே சொல்லிக்கொடுக்கிறார். கொடுத்த சம்பளம் வீண்!" என்றார்.