நட்டும் நம்பிக்கையும்

சில வேலைகள் கையை விட்டுப் போன பிறகும் மனத்தை விட்டுப் போவதில்லை. என் பழைய காருக்கு நானே ஸ்பிரிங் மாற்றியது அப்படிப்பட்ட வேலை.

முன்பக்கத்து ஸ்ட்ரட்டுகள் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி நான்கு முறை தலையாட்டிவிட்டுத்தான் ஓயும். மாற்ற வேண்டியது அவசியம்தான். ஆனால் அவசியம் தனியாக வருவதில்லை. ஆசையையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிறது.

"எப்படியும் கழற்றத்தானே போறோம், பெரியப்பா! நாலு சக்கரத்துக்கும் மூணு சென்டிமீட்டர் தாழ்ந்த ஸ்பிரிங்காப் போட்டுடலாம். வண்டி தரையோட தரையா, கம்பீரமா இருக்கும்" என்றான் என் தம்பி மகன்.

நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துச் சற்றுத் தயங்கினேன். பிறகு, நாற்பதைத் தாண்டியவனுக்கும் கம்பீரம் வேண்டித்தான் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டேன். மெக்கானிக்கிடம் விடாமல் நாங்களே செய்வதென்று முடிவாயிற்று. பணம் மிச்சமாகும் என்று வீட்டில் சொன்னேன். உண்மைக் காரணம் கர்வம்.

ஸ்ட்ரட் என்பது ஏர்ல் மக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்த ஏற்பாடு. ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாயும் ஒரே தூணாக நின்று, வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. சக்கரத்தையும் நிமிர்த்திப் பிடிக்கின்றன. என் வண்டியில் அந்தத் தூணையும் சக்கரத்தையும் பிணைப்பவை கீழேயுள்ள இரண்டு போல்ட்டுகள். இத்தனை வருஷமாக இரண்டிரண்டு போல்ட்டுகளை நம்பிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய் வந்திருக்கிறேன் என்பது, அவற்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பயந்ததெல்லாம் ஸ்பிரிங்கைக் கண்டுதான். பயப்பட வேண்டிய வஸ்துவும் அதுதான். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்த்துத் தள்ளும் என்று ராபர்ட் ஹூக் 1678-இலேயே எழுதி வைத்துவிட்டார். ஒரு சென்டிமீட்டர் அமுக்க 20 கிலோ பாரம் வேண்டுமானால், பத்து சென்டிமீட்டர் அமுங்கிய ஸ்பிரிங் 200 கிலோ பலத்தோடு காத்திருக்கிறது. எதிரெதிரே இரண்டு கொக்கித் திருகுகளை மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகி, ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்த பிறகே உச்சி நட்டைத் தொட வேண்டும். அவசரப்பட்டு அதை முதலில் கழற்றினால், ஸ்பிரிங் பாய்ந்து முகத்தையே பெயர்த்துவிடும். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசவே இல்லை. பயம் எங்களை நல்ல தொழிலாளிகளாக வைத்திருந்தது.

பயம் தீர்ந்த பிறகுதான் ஆபத்து வந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கீழ்ப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முடுக்கிக்கொண்டிருந்தேன். உரிய அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் கருவி அது. இடது பக்கம் முடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சாமான்களை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். மழை விட்டதும் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தோம். "வண்டி உட்கார்ந்துட்ட மாதிரியில்லே இருக்கு?" என்றாள் மனைவி. அவளுக்கு ரசனை இல்லை என்று நானும் பையனும் தீர்மானித்தோம்.

அன்றிரவு எதிர்வீட்டு வாத்தியார் வந்தார். மறுநாள் விடியற்காலை ரயிலுக்குப் பேத்தியோடு போக வேண்டும், கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். அதற்கென்ன என்றேன்.

படுத்தபின் தூக்கம் வரவில்லை. வலது பக்கம் இரண்டு 'டக்'. இடது பக்கம் ஒன்று. நான்காவது சத்தம் கேட்டதா? கேட்டது என்று மனம் சொன்னது. அது சொன்ன வேகமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

நான்கு மணிக்கு எழுந்து, டார்ச்சு வெளிச்சத்தில் சக்கரத்தைக் கழற்றினேன். முதல் நட்டில் ரெஞ்சை வைத்தேன். இம்மியும் அசையாமல் 'டக்' என்றது. இரண்டாவது, முக்கால் சுற்றுத் திரும்பிய பிறகே 'டக்' என்றது.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாலையில் அந்த நட்டோடுதான் சிரித்துக்கொண்டே தெருவைச் சுற்றினோம். அப்போது எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? வண்டியில் இருந்தது நாங்கள் மட்டும்தானே என்ற அலட்சியமா? அதே தெருவில் பந்து விளையாடிய குழந்தைகள் என் காரில் ஏறவில்லை. ஆனால் என் நட்டின் இறுக்கத்தை நம்பித்தான் ஓரத்தில் நின்றார்கள். வாத்தியார் வந்து கேட்டதால் எனக்கு மனச்சாட்சி விழித்தது. கேட்காதவர்களுக்கு அது தூங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

மெக்கானிக் தவறு செய்தால் கோபித்துக்கொள்ளலாம். கோபம் எவ்வளவு சௌகரியமான உணர்ச்சி! சொந்தக் கையால் செய்த வேலையில் அந்தச் சௌகரியம் இல்லை. முகம் தெரியாத மனிதர்களுக்காகத் தினம் நூறு நட்டுகளை முடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் தொழிலாளியிடம் எனக்கு அன்றுதான் மரியாதை பிறந்தது. முடுக்கிய நட்டின் மேல் சிலர் பெயின்டால் ஒரு சிறு கோடு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம் அது. பிறகு நட்டு அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். தன் ஞாபகத்தைத் தானே நம்பாதவனின் நாணயம் அது.

விடிந்ததும் வாத்தியாரையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகவே ஓட்டினேன். அவர்களை இறக்கிவிட்டு நேரே வீல் அலைன்மென்ட் பார்க்கப் போக வேண்டும்.

"தம்பி, நீங்களே கைப்பட மாட்டினதாமே! அப்ப எனக்கென்ன பயம்?" என்றார் வாத்தியார்.

சொல்லியிருக்கலாம். நட்டு அப்போது இறுகித்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, என் கௌரவத்தைத் தவிர. நான் பேசாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் நான்கு நட்டுகளிலும் வெள்ளைக் கோடு இழுத்தேன். அவை இன்றுவரை விலகவில்லை. வாத்தியாரிடம் சொல்ல வேண்டியதைத்தான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார் என்று நினைக்கிறேன்.