உலைத்தீயும் பக்குவமும்

சுவாமிமலைச் சிற்பியர் செப்புத் திருமேனி வார்க்குங்கால், மெழுகுருவின்மேற் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்திய பின்னரே தீயிலிடுவர். அவ்வொரு தீயால் மெழுகு உருகி வெளிச்செல்லும். மண்ணோ இறுகி அச்சாகும்.

தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகும். செம்பு 1085 பாகையிலன்றி உருகாது. களிமண் ஏறத்தாழ 600 பாகையைக் கடந்துழி, மீண்டும் நீரிற் குழையாத் தன்மை எய்தும். தீ ஒன்றே, பயன் பொருளியல்பால் வேறாயிற்று. அருள் பொதுவாயினும் உயிர்கள் தத்தம் மலபரிபாகத்துக் கேற்பவே பயன் கொள்ளும் என்னும் சித்தாந்தத் துணிபுக்கு இஃதோர் உவமையாம்.

ஈண்டொரு தடை நிகழும். ஈரம் புலராத அச்சைச் சிற்றுலையில் விரைந்து சுடின், உள்நின்ற நீர் ஆவியாய் 1600 மடங்களவு விரிந்து அதனைப் பிளக்கும். "இயல்பே காரணமெனின், பிளந்த குற்றம் மண்ணினதோ?" எனின், அற்றன்று. தீயும் மண்ணும் சடம், தம்மியல்பிற் பிறழ்ந்தில. காலம் பார்க்கவல்ல அறிவு இடுவோன்பாலது. ஆகலின் குற்றமும் அவன்பாலதே யென்க.

இறைவன் முற்றறிவினனாகலின் அவன்பால் இப்பிழை இல்லை. மானிட ஆசிரியர்பால் உளதாம். மாணாக்கனது பக்குவம் நோக்காது கடுமை காட்டி, அவன் மனமுடைந்தவழி, "அபக்குவன்" என்றிகழ்ந்து நீங்குதல் அறமாகாது. மாணாக்கன் மண்போற் சடமல்லன், அவனுக்கும் முயற்சி யுண்டு. ஆயினும் காலந்தேர்தல் கற்பிப்பார் கடன். பக்குவம் என்னும் சொல் ஆசிரியனைக் காத்திருக்கப் பணிக்கின்றது. நிழலில் உலர்த்தும் நாள்களும் வார்ப்புத் தொழிலின் பகுதியே யென்பதைச் சிற்பியர் அறிவர். நம் மடங்களும் பாடசாலைகளும் அதனை மறவாதிருத்தல் வேண்டுமென்பதே யாம் வேண்டுவது.